இழையும் பொருளும்: கெல்டிக் முடிச்சோவியம்

ஜார்ஜ் பெய்ன் (1881–1968) என்னும் ஸ்காட்லாந்து ஓவிய ஆசிரியர், கெல்டிக் கலையின் அமைப்பு முறைகளைப் பற்றி 1951-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். துறவியர்க்கும் பொற்கொல்லர்க்கும் கைவந்திருந்த முடிச்சோவியத்தைப் பள்ளிச் சிறுவனின் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த நூல் அது. இன்று தோற்பையிலும் தையல் துணியிலும் மரப்பலகையிலும், உடம்பிற் குத்தும் பச்சையிலுங்கூடக் காணப்படும் முடிச்சுகளிற் பல அந்நூலின் வழித்தோன்றல்களே. நூலின் பெருமை பெரிது. ஆயினும் அதன் வழியே ஒரு மயக்கமும் பரவிவிட்டது. முடிச்சு எப்பொருளில் ஏறினும் ஒன்றே என்பதுதான் அம்மயக்கம்.

முடிச்சு பிறக்கும் முறை எளிது. முதலிற் புள்ளிகளை வரிசையாக இட்டு, அவற்றினிடையே சாய்வாகச் செல்லும் இழைகளாற் பாய்போல ஒரு பின்னலை வரைய வேண்டும். பின்னர்ச் சில சந்திப்புகளைத் தேர்ந்து அங்கே சிறு தடை இட வேண்டும். அவ்விடத்தில் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று கடவாமல் மடங்கித் திரும்பும். தடை எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்தே முடிச்சின் உருவம் அமைகிறது. இவ்வாறு பின்னலை உடைத்தே முடிச்சுகள் தோன்றின என்று விளக்கிய பெருமை ரோமிலி ஆலன் என்னும் அறிஞர்க்கு உரியது. 1904-இல் வந்த அவர் நூல், எட்டு அடிப்படை முடிச்சுகளே பெரும்பாலான வடிவங்களுக்கு மூலம் என்று காட்டிற்று. தடையே இடாத பின்னலில் 3-க்கு 4 புள்ளி வைத்தால் ஒரே இழை எல்லா இடமும் சுற்றி வரும். 4-க்கு 6 வைத்தால் இரண்டு இழைகள் வரும். இரண்டு எண்களின் பொது வகுஎண்களிற் பெரியது எதுவோ, அதுவே இழைகளின் தொகை. சிக்குக் கோலம் இடும் நம் பெண்டிர்க்கு இக்கணக்கு புதிதன்று. இரு கலைகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு கற்பிக்க வேண்டுவதில்லை. கணக்கு ஒன்றாயிருப்பதே போதும்.

கணக்கு ஒன்று, கை ஒன்றன்று. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏட்டைக் கன்றுத்தோலில் எழுதி வரைந்தவர் பேராயர் ஈட்ஃப்ரித் என்று, அவ்வேட்டிலேயே 10-ஆம் நூற்றாண்டிற் சேர்த்த குறிப்புக் கூறுகிறது. கம்பளம் போன்ற அதன் ஓவியப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால், கவராயக் குத்துகளும் வரைகோடுகளும் இன்றும் தெரிகின்றன. முன்பக்கத்திலோ அந்த எலும்புக்கூடு தெரிவதில்லை; இழைகள் பறவைகளாகவும் விலங்குகளாகவும் மாறி ஒன்றையொன்று கவ்வுகின்றன. தோலில் இழைக்கு உடல் கிடையாது. மேலது எது, கீழது எது என்பதை நிறமும் கோடும் இடைவெளியுமே கண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பொன்னில் நிலைமை வேறு. 1850-இல் மீத் மாவட்டத்துக் கடற்கரையிற் கிடைத்த ‘டாரா’ ஊசியைப் பாருங்கள். டாரா மலைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. விற்பனைக்காக ஒரு நகைவணிகர் சூட்டிய பெயர் அது. அதன் வளையத்தின் குறுக்களவு 9 சென்டிமீட்டருங்கூட இல்லை. அச்சிறு பரப்பில், மணிகோத்தாற்போன்ற பொற்கம்பிகள் தகட்டின்மேல் ஒட்டப்பட்டு நெளிகின்றன. இங்கே இழைக்கு உடல் உண்டு. ஒளி அதன்மேற் பட்டு உடைகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. அக்காலத்து வார்ப்பு வேலைகள் பலவற்றில், உளியால் மரத்திற் செதுக்கியது போன்ற சாய்ந்த பட்டைகளை உலோகத்தில் வார்த்தே பெற்றனர். ஒரு பொருளின் குணத்தை மற்றொரு பொருள் கடன் வாங்கிய கதை இது.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே நிக் என்னும் ஊரிலுள்ள 8-ஆம் நூற்றாண்டுக் கல்லிலும் இக்கடனைக் காணலாம். அதிற் பாம்புகள் பின்னிய உருண்டைக் குமிழ்கள் கல்லைவிட்டு வெளியே புடைத்து நிற்கின்றன. உலோகக் குமிழ்களைப் பார்த்துச் செய்தவை என்பது கண்டவுடன் விளங்கும். ஆயினும் அவற்றைக் காட்டுவது நிழல். காலைக் கதிர் சாய்வாக விழும்போது தெளியும் முடிச்சு உச்சிவேளையில் மங்கும்.

பெய்ன் செய்த பிழை இங்கேதான். கல்லையும் தோலையும் பொன்னையும் அவர் ஒரே கருமைக் கோட்டில் வரைந்துவிட்டார். கற்பிப்பதற்கு அது வேண்டியதே. கற்றவன் அதுவே கலை என்று நின்றுவிடுவதுதான் இழப்பு. எந்திரத்தால் மரத்தை வெட்டிச் செய்யும் இன்றைய அலங்காரங்களில் இழை முழுதும் ஒரே அகலம், ஒரே தட்டை. மேல் கீழ் என்பது ஒரு மெல்லிய பிளவாய்ச் சுருங்கிவிட்டது.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. கிறித்துவத்திற்கு முற்பட்ட கெல்டியர் கலையிற் சுருள்களே மிகுதி. பின்னல் முடிச்சு, நடுநிலக்கடல் நாடுகளிலிருந்தும் செருமானிய மக்களிடமிருந்தும் வந்து 7-ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளில் வேரூன்றியது என்பதே அறிஞர் துணிபு. ஈட்ஃப்ரித்தும் ஆங்கிலப் பெயரினரே. ‘முடிவிலா வாழ்வின் சின்னம்’ என்று கடைகளில் ஒட்டப்படும் விளக்கத்திற்கோ அக்காலத்து எழுத்துச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. கவராய முனையால் தோலைக் குத்தியவர் தாம் செய்ததற்குப் பொருள் எழுதி வைக்கவில்லை. குத்துகளை மட்டுமே விட்டுச் சென்றார்.