கொங்குவேளிரின் வானவூர்தியும் அதற்காக வாதாடுவோரும்

சீவக சிந்தாமணியின் மயிற்பொறியையும் பெருங்கதையின் வானவூர்தியையும் பழந்தமிழரின் வானூர்தித் தொழில்நுட்பத்துக்குச் சான்றுகளாக நிறுத்தும் வழக்கம் அண்மைக் காலத்தில் மேடைப் பேச்சிலும் விழா மலரிலும் காணொளியிலும் பெருகியிருக்கிறது. கொங்கு நாட்டில் இவ்வழக்கத்தின் மீது தனிப்பற்று ஏற்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பெருங்கதையைப் பாடிய கொங்குவேளிர், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள விசயமங்கலத்தைச் சேர்ந்தவர் என்பது மரபு. மோட்டாரும் பம்பும் வார்ப்படமும் செய்து பெயர்பெற்று, சூலூர் விமானத் தளத்தில் தேஜஸ் போர் விமானங்கள் ஏறி இறங்குவதை நாள்தோறும் காணும் ஒரு வட்டாரத்துக்கு, தன் மண்ணின் கவிஞர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வானூர்தியை அறிந்திருந்தார் என்ற செய்தி இனிக்கவே செய்யும். ஆனால் அந்த இனிப்புக்காக நூல் கொடுக்கும் விலை பெரிது.

இவ்வழக்கத்தால் நன்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த பின்னரும் புலவர் வட்டத்துக்கு வெளியே பெயரளவிலேயே தெரிந்திருந்த பெருங்கதையை, பொறியியல் மாணவர் ஒருவர் ஆவலோடு புரட்டிப் பார்க்க இவ்வாதம் காரணமாகலாம். பழங்கவிஞர்கள் பொறிகளைப் பற்றிப் பொதுப்படப் பேசிவிட்டுப் போகாமல், பொருளையும் இயக்கும் முறையையும் சொன்னார்கள் என்பதையும் இது கவனத்துக்குக் கொண்டுவந்தது. இந்த அளவுக்கு இதை வரவேற்கலாம்.

தவறு தொடங்குவது, காப்பியத்தின் ஊர்தியைக் கதையிலிருந்து கழற்றித் தனியே எடுத்து, அதை ஒரு வரைபடமாகப் படிக்கும் இடத்தில். திருத்தக்கதேவரின் மயிற்பொறியை முதலில் பார்க்கலாம். சிந்தாமணியின் முதல் உட்பிரிவாகிய நாமகள் இலம்பகத்தில், மன்னன் சச்சந்தனுக்காக அப்பொறி துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலிய பொருள்களால் ஏழே நாளில் செய்து முடிக்கப்படுகிறது. பொறியை வலப்பக்கம் திருப்பினால் மயில் முகிலைப் பிளந்துகொண்டு மேலே செல்லும். இடப்பக்கம் திருப்பினால் கீழிறங்கிக் கால் மடித்து அமரும். அரசி விசயை அதை இயக்கப் பயில்கிறாள். இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் கவிஞர், அம்மயில் எந்த ஆற்றலால் பறந்தது என்பதையோ, எவ்வளவு எடையைத் தாங்கியது என்பதையோ, இறகைக் கடந்து பாயும் காற்று ஒரு பொருளை மேல்நோக்கி உந்துவதாகிய தூக்குவிசை அதற்கு எப்படிக் கிடைத்தது என்பதையோ சொல்லவில்லை. ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்புக்கு மோட்டார் வாங்கப் போகும் உழவர்கூட எத்தனை குதிரைத்திறன், எத்தனை அடி ஆழத்திலிருந்து நீர் ஏறும் என்று கேட்காமல் வாங்கமாட்டார். வானூர்திக்கு வாதாடுவோர் அந்தக் கேள்வியை மயிற்பொறியிடம் கேட்பதில்லை.

கவிஞரிடம் அதைக் கேட்கத் தேவையும் இல்லை, ஏனெனில் அவர் வடிவமைத்தது ஒரு கதை நிகழ்ச்சியை. அரசைக் கைப்பற்ற முனைந்த அமைச்சன் கட்டியங்காரனின் படை சூழ்ந்துகொண்டபோது சச்சந்தன் கருவுற்ற மனைவியை மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரில் மடிகிறான். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அரசி நினைவிழந்து சோர்கிறாள். மயில் சுடுகாட்டில் மெல்ல இறங்குகிறது. அங்கே காப்பியத் தலைவன் சீவகன் பிறக்கிறான். இறந்த தன் குழந்தையோடு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அவனை எடுத்துச் சென்று வளர்க்கிறான். நினைவிழந்தவள் இறங்குமிடத்தைத் தேர்ந்திருக்க முடியாது, தேர்ந்தது கதை. அரண்மனை விளையாட்டுப் பொருளைப் போன்ற துணியும் அரக்கும் மெழுகும் ஒரு நாட்டின் எதிர்கால அரசனைச் சுமந்து பிணக்காட்டில் இறங்குகின்றன என்பதே அவ்வடிவமைப்பின் ஆற்றல், அந்த மென்மையான பொருள்களைக் கவிஞர் தேர்ந்ததன் பொருத்தமும் அதுவே.

கற்பனை ஊர்தியின் வடிவமைப்பை விவாதிப்பதே வீண் என்பது இதன் பொருளன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலத்தை வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரீஸ். அக்கலத்தை வாரந்தோறும் ஒவ்வொரு கோளிலும் தரையிறக்கிக் காட்டுவது பெருஞ்செலவு என்பதால், ஆட்களைக் கலத்திலிருந்து மறையச் செய்து தரையில் தோன்றச் செய்யும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற கற்பனைக் கருவி அத்தொடருக்குள் வந்தது. வட்டத் தட்டையும் நீண்ட தாங்கிகளின் மேல் ஒதுங்கி நிற்கும் எந்திரங்களையும் பற்றி அதன் சுவைஞர்கள் பல பத்தாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய வாதம் கதையின் விதிகளுக்குள் நிற்கிறது, கதையை உருவாக்கியவர்களின் தேவைகளையும் கணக்கில் கொள்கிறது. அக்கலம் உண்மையில் ஓடியது என்று அவர்கள் சொல்வதில்லை. கற்பனையைக் கற்பனையாகவே ஏற்றுக்கொண்ட பின் நுணுக்கமாக ஆராயும் அந்த நேர்மை, தமிழ்க் காப்பிய ஊர்திகளைப் பற்றிய பேச்சில் காணக் கிடைப்பதில்லை.

அக்குறை வேறெங்கையும்விட மிகுதியாகத் தெரிவது கொங்குவேளிரிடம்தான். பெருங்கதையின் நரவாண காண்டத்தில், கதைத்தலைவனான மன்னன் உதயணனின் கருவுற்ற மனைவி வாசவதத்தைக்கு வானில் பறந்து செல்லும் வயா எழுகிறது. வயா என்பது கருவுற்ற பெண்ணுக்குத் தோன்றும் தீராத வேட்கை. அதை நிறைவேற்றுவது கணவனின் கடமையாகக் கருதப்பட்டது. பிறக்கப்போகும் மகன் நரவாணதத்தன் விஞ்சையர்க்கு, அதாவது வான்வழி செல்லும் வித்தியாதரர்க்கு, பேரரசனாகப் போகிறவன். ஆகவே தாயின் வேட்கையே மகனின் எதிர்காலத்தை அறிவிக்கிறது. உதயணன் தச்சர்களை அழைக்கிறான். அவர்களால் வானவூர்தி செய்ய இயலவில்லை. பின்னர் பத்திராபதி என்னும் தெய்வமகள் தச்சன் உருவில் வந்து அதை இயற்றித் தருகிறாள். கொங்கின் வானூர்தித் தொழில்நுட்பத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் நூலே, மனிதத் தச்சரால் அது முடியாது என்று சொல்லும் நூலாக இருக்கிறது. இந்தப் பகுதியை விட்டுவிட்டு ஊர்தியை மட்டும் எடுத்துக்கொள்வது கவிஞர் சொன்னதைத் தலைகீழாக்குவது.

இழப்பு அத்தோடு முடியவில்லை. பத்திராபதி யார் என்பதை நூலின் முன்பகுதி அறிந்தவர் அறிவார். உஞ்சை நகரிலிருந்து உதயணனும் வாசவதத்தையும் தப்பிச் சென்றபோது அவர்களைச் சுமந்து ஓடிய பெண்யானை அது. ஓட்டத்தின் இடையிலேயே வீழ்ந்து உயிர்விட்டது. அப்பகுதிக்கே ‘பிடி வீழ்ந்தது’ என்று பெயர். தரையில் அவ்விருவரையும் சுமந்து மாண்ட யானை, தெய்வமாகித் தச்சனாக வந்து, அவர்கள் வானில் செல்லவும் வழி செய்கிறது. காப்பியத்தின் முதற் காண்டத்தில் விழுந்த ஒரு விலங்கைப் பிற்காண்டத்தின் ஊர்தியோடு இணைத்துக் கட்டிய இந்த அமைப்புக்கு இணையான கட்டுக்கோப்பு தமிழ்க் கதைப்பாட்டில் அரிது. யானைகளால் பெயர்பெற்ற மலையின் அடிவாரத்தில் வாழும் வாசகருக்கு இதைவிட நெருக்கமான கதை இருக்க முடியாது. இருந்தும் மேடைகளில் பத்திராபதி பெயர்கூடச் சொல்லப்படுவதில்லை. அவளைச் சொன்னால் தொழில்நுட்ப வாதம் நிற்காது என்பதுதான் காரணம் என்று கொள்ளாமல் இருப்பது கடினம்.

இதே கதையை வடமொழியில் பிருகத்கதா சுலோக சங்கிரகமாகப் பாடிய புதசுவாமியும் இங்கே உதவுகிறார். அந்நூலில் தச்சர்கள் தாம் அறிந்த பொறிவகைகளைக் கூறிவிட்டு, வானில் செல்லும் பொறியை யவனரே அறிவர், தாம் கண்டதில்லை என்கிறார்கள். கதை எந்த மொழியில் சொல்லப்பட்டாலும், தச்சர் செய்யக்கூடியதற்கும் செய்ய முடியாததற்கும் இடையே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் வரும் ஓட்டுநர் இல்லாத வானவூர்தியும் இவ்வாறே: நல்வினை முடித்தோர் மேலுலகம் செல்லும் ஊர்தியாக அது பேசப்படுகிறதே தவிர, பட்டறையில் செய்த பொருளாகப் பேசப்படவில்லை.

சான்றைச் சோதிப்பது எப்படி என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பண்டைய முனிவர் அருளியது என்று பரப்பப்பட்ட வைமானிக சாத்திரத்தை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எச். எஸ். முகுந்தா முதலிய ஐவர் 1974இல் ஆராய்ந்தனர். அந்நூல் 1904க்கு முந்தையதாக இருக்க முடியாது என்றும், அதில் விவரிக்கப்பட்ட ஊர்திகள் எவையும் பறக்கத்தக்கவை அல்ல என்றும், உந்துமுறை பறத்தலுக்குத் துணையாவதற்கு மாறாகத் தடையாகவே அமையும் என்றும் அவர்கள் முடிவுகண்டனர். அம்முடிவுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், 2015இல் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய விமானங்களைப் பற்றிய கட்டுரை படிக்கப்பட்டது. வைமானிக சாத்திரமாவது தன்னைத் தொழில்நுட்ப நூலாகவே முன்வைத்துக்கொண்டது. சிந்தாமணியும் பெருங்கதையும் அப்படி எந்த உரிமையும் கோராதவை. தாங்கள் கேட்காத புகழைச் சுமந்து, தாங்கள் ஈட்டிய புகழை இழந்து நிற்பவை.

வாதாடுவோர் கடைசியாக ஒன்று சொல்வதுண்டு: கற்பனை செய்வதற்கேனும் கைத்தொழில் அறிவு வேண்டாமா என்று. வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. மரமும் அரக்கும் மெழுகும் துணியும் எப்படிப் பிணையும் என்பதை அறியாத ஒருவர் மயிற்பொறியைப் பாடியிருக்க முடியாது. ஆனால் அவ்வறிவைத் தேட வேண்டிய இடம் உதயணனின் முன் நிற்கும் அந்தத் தச்சர்களே. அரசன் கேட்டும், அரசிக்காகக் கேட்டும், செய்ய இயலாது என்றவர்கள் தம் தொழிலின் எல்லையைத் திட்டமாக அறிந்தவர்கள். அவர்கள் எவற்றைச் செய்தார்கள், எந்தக் கருவிகளால் செய்தார்கள், பெருங்கதை முழுவதும் விரியும் தேரும் பந்தரும் பாவையும் யாருடைய கைவேலை என்ற ஆய்வு கொங்கு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு உரியது, அதற்கு வேண்டிய அகச்சான்றும் நூலுக்குள்ளேயே நிறையக் கிடக்கிறது.