‘இதுவரை ஆய்வு எதுவும் இல்லை’: தேடுபொறியும் பெண்களின் புலமையும்

சென்ற ஆண்டு என் ஆய்வு மாணவி ஒருத்தி தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலைக் கொண்டுவந்து கொடுத்தாள். வை.மு. கோதைநாயகி நடத்திய ‘ஜகன்மோகினி’ இதழில் எழுதிய பெண்களைப் பற்றியது அவள் ஆய்வு. ‘முன்னாய்வுகள்’ என்ற பகுதியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘இப்பொருளில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழ்த்தப்படவில்லை.’

“எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தேடிப் பார்த்துட்டேன் அம்மா. கூகுள் ஸ்காலர், சோத்கங்கா ரெண்டுலயும் ஒண்ணும் வரல.”

மூலக்குளத்தில் என் வீட்டுப் பரணில் ஓர் எம்.ஃபில். ஆய்வேடு இருக்கிறது. என் ஆசிரியை 1980களில் எழுதியது. தட்டச்சில் அடித்து, பச்சை காலிக்கோ அட்டை போட்டுக் கட்டியது. அவர் பணி ஓய்வு பெற்றபோது, வீட்டில் வைக்க இடமில்லை என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். அதுவும் ‘ஜகன்மோகினி’யில் எழுதிய பெண்களைப் பற்றியதுதான். என் மாணவி மூன்று ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த பல பெயர்கள் அதன் பின்னிணைப்பில் அகரவரிசையில் இருக்கின்றன.

அவள் சோம்பேறி அல்ல. இன்று ஒரு ஆய்வாளர் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்திருக்கிறாள். பெட்டியில் சொல்லை இட்டாள், விடை வரவில்லை, இல்லை என்று எழுதினாள். ‘கிடைக்கவில்லை’ என்பது எந்த இடத்தில் ‘இல்லை’யாக மாறியது, அந்த மாற்றத்தால் யாருடைய உழைப்பு மறைகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் தேடுபொறிக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லிவிட வேண்டும். கூகுள் ஸ்காலர் 2004 நவம்பரில் வெளிவந்தது. நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததும் அந்த ஆண்டுதான். அதற்கு முன் எம்.ஃபில். படித்த காலத்தில் ஒரு பழைய நூலைப் பார்க்க வேண்டுமென்றால் நெறியாளரின் கடிதம் வேண்டும். சென்னைக்குப் போக வர ஆறு ஏழு மணி நேரம் பேருந்தில் கழியும். “இருட்டறதுக்குள்ள வந்துடுவியா?” என்று அப்பா கேட்பார். நூலகத்தில் இல்லாத நூல் ஏதேனும் ஒரு பேராசிரியர் வீட்டு அலமாரியில் இருக்கும். ஆண் மாணவர்கள் மாலையில் அங்கே போய் உட்கார்ந்து பேசுவார்கள், புத்தகத்தோடு திரும்புவார்கள். நாங்கள் போவதென்றால் துணைக்கு ஒருத்தியைத் தேட வேண்டும்.

பிறகு குழந்தை தூங்கிய இரவுகளில், சமையலறை மேசையில் கணினியைத் திறந்து நான் படித்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. யாரிடமும் கடிதம் வாங்கவில்லை, யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. வாசற்காவலர்களைத் தேடுபொறி பலவீனப்படுத்தியது உண்மை. அந்த விடுதலையை அனுபவித்தவள் என்பதால்தான் இதை விமரிசிக்கும் உரிமையும் எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

ஆனால் வாசல் இடம் மாறியிருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகருக்கு நூல் கிடைக்க வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. நூலுக்கும் வாசகர் கிடைக்க வேண்டும் என்பதைத் தனி விதியாகவே வைத்தார். யாரும் கேட்காத நூலுக்கும் நூலகர் பொறுப்பு என்பது இதன் பொருள். 1964இல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை வேறொரு வழியைத் திறந்தது. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு அது. நாளடைவில் அந்தக் கணக்கே மதிப்பாகிவிட்டது. கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரை மேலே வருவதற்கான காரணங்களில் அது எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்பதும் ஒன்று. மேலே வருவதைப் படிக்கிறோம், படித்ததை மேற்கோள் காட்டுகிறோம், அதனால் அது இன்னும் மேலே போகிறது.

உள்ளவருக்கே மேலும் சேரும் இந்தப் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் ‘மத்தேயு விளைவு’ என்றார். 1993இல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் அதன் மறுபக்கத்துக்கு ‘மெட்டில்டா விளைவு’ என்று பெயரிட்டார். பெண் அறிவியலாளர்களின் பணி ஆண்களின் பெயரில் வரவு வைக்கப்படுவதை, அல்லது யார் பெயரிலும் வைக்கப்படாமல் போவதை அது குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்ணுரிமைப் போராளி மெட்டில்டா ஜோஸ்லின் கேஜின் நினைவாக வைத்த பெயர். இதைக் கணிப்பொறி கண்டுபிடிக்கவில்லை. நம் பழைய வழக்கத்தை அது கணக்காக மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைச் சுற்றித்தான் இன்றைய ஆய்வுத் தொழில் இயங்குகிறது. பெரும் பதிப்பகங்கள் தங்கள் தளங்களைத் தேடுபொறிக்குத் திறந்துவிடுகின்றன. கட்டுரையின் சுருக்கம் நமக்கு இலவசம். முழுவதையும் படிக்கக் கட்டணம். எழுதியவருக்கு அதில் ஒரு ரூபாயும் வருவதில்லை. மதிப்பீடு செய்தவருக்கும் பெரும்பாலும் எதுவும் இல்லை. கூகுள் ஸ்காலர் வந்த அதே 2004இல் எல்செவியர் நிறுவனம் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தைத் தொடங்கியது. அதில் ஓர் இதழ் சேர வேண்டுமென்றால் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். துணைநூல் பட்டியல் உரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் எழுதிய கட்டுரை, தமிழில் எழுதியவர்களைத் தமிழ் எழுத்தில் குறிப்பிட்டால் அந்தக் கணக்குக்குள் போகாது.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவிக்கும் பன்னாட்டு இதழ்கள் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் என் ஆசிரியையின் ஆய்வேட்டுக்கு இடமில்லை. இந்தப் புதுச்சேரியிலிருந்து மாலதி மைத்ரி கொண்டுவந்த ‘அணங்கு’, குட்டி ரேவதியின் ‘பனிக்குடம்’ போன்ற இதழ்களில்தான் தமிழ்ப் பெண்ணியத்தின் முக்கியமான விவாதங்கள் நடந்தன. பதவி உயர்வுக்கான படிவத்தில் அப்படிப்பட்ட இதழ்களில் எழுதியதைச் சேர்க்க எனக்கு இடம் இருந்ததில்லை.

தமிழ்ப் பெண்களின் எழுத்து பற்றி ஆங்கிலத்தில் தேடினால் சி.எஸ். லக்ஷ்மியின் 1984ஆம் ஆண்டு நூல் வந்துவிடுகிறது. வர வேண்டிய நூல்தான். அதே காலத்தில் அதே பொருள் பற்றித் தமிழில் எழுதிய என் ஆசிரியை வருவதில்லை. இருவருக்கும் இடையில் நிற்பது மொழி மட்டும் அல்ல, பட்டமும்தான். என்னோடு படித்த பெண்களில் பலர் எம்.ஃபில். முடித்ததோடு நின்றுவிட்டார்கள். கல்யாணம், பிள்ளை, இடமாற்றம். ஓராண்டு ஒன்றரை ஆண்டில் முடிக்கலாம் என்பதால் வீடு அனுமதித்த கடைசிப் பட்டம் அது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டது. அந்தப் பெண்கள் எழுதிய ஆய்வேடுகள் துறை நூலகங்களின் கீழ்த்தட்டில் கிடக்கின்றன. சில இடங்களில் பழைய தாளோடு எடைக்கும் போயிருக்கின்றன.

அடுத்தது பெயர். கோதைநாயகியின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘வை.மு.’ கணவர் குடும்பத்தின் எழுத்துகள். அதை எடுத்துவிட்டால் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. நான் எம்.ஃபில். செய்தபோது அப்பாவின் முதலெழுத்து. முனைவர் பட்டத்தின்போது கணவரின் முதலெழுத்து. கவிதைகளை அம்மாவின் முதலெழுத்தோடு வெளியிடுகிறேன். தரவுத்தளம் ‘குடும்பப் பெயர்’ கேட்கிறது. நமக்கு அப்படி ஒன்று இல்லாததால் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரோ கணவரின் பெயரோ போய் உட்காருகிறது. மேற்கோள் கணக்கு அந்தப் பெயரில் ஏறுகிறது. ஒருமுறை என்னைத் தேடிப் பார்த்தேன். மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் கொஞ்சம் கொஞ்சம் எழுதியிருந்தாள். ஓர் ஆணுக்குப் பிறப்பு முதல் ஓய்வு வரை ஒரே முதலெழுத்து. அவருடைய வரிசை அறுபடுவதில்லை.

மூன்றாவது எழுத்துரு. என் முனைவர் பட்ட ஆய்வேட்டை நான் படித்த பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஆனால் அது ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். படியெடுத்து ஒட்டினால் பொருளில்லாத உரோமன் எழுத்துகளும் குறிகளும் வரும். இயந்திரத்துக்கு அது தமிழே இல்லை. படமாக வருடி ஏற்றிய ஆய்வேடுகளுக்கும் இதே கதிதான். ஏறியிருக்கின்றன, அகப்படுவதில்லை. ஒருங்குறியில் இருந்தாலும் ‘ஜகன்மோகினி’ என்று தேடினால் ‘ஜகன்மோஹினி’ வரும் என்ற உறுதி கிடையாது. ‘ஸ்திரீ’யும் ‘ஸ்த்ரீ’யும் வேறு வேறு சொற்களாகிவிடுகின்றன. கிரந்த எழுத்தும் வடசொல்லும் கலந்து எழுதிய அந்தக் காலப் பெண்களின் உரைநடையைத் தேட, அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கோதைநாயகியின் முதல் நாடகம் ‘இந்திரமோகனா’. அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். நூலின் விவரத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். பட்டம்மாளைத் தேடும் கட்டம் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. இன்று நாம் இணையத்தில் படிக்கும் தமிழ் நூல்களுக்குப் பின்னாலும் இப்படித் தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முழுக்கத் தன்னார்வலர்களின் உழைப்பு. ஒவ்வொரு மின்னூலின் தொடக்கத்திலும் அந்த உழைப்பாளர்களின் பெயர்களைக் குறிக்கும் வழக்கம் அதற்கு உண்டு. ஆய்வேடுகளில் அந்த மரபு இல்லை. என் ஆய்வேட்டை அடித்துக் கொடுத்தவர் ஒரு டி.டி.பி. மையத்துப் பெண். அவர் திருத்திய பிழைகள் ஏராளம். நன்றியுரையில் நெறியாளருக்கு ஒரு பக்கம் எழுதினேன். அவருக்கு ‘அழகுற அச்சிட்டுத் தந்த’ என்று கடையின் பெயரை மட்டும் எழுதினேன். இந்தப் புறக்கணிப்பில் எனக்கும் பங்கு உண்டு.

வழி என்ன? பெரிய நிறுவனங்கள் திருந்தும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அம்பையும் நீரா தேசாயும் மைத்ரேயி கிருஷ்ணராஜும் 1988இல் மும்பையில் ‘ஸ்பேரோ’ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியபோது கூகுள் இல்லை. பெண்களின் குரலையும் படத்தையும் யாரும் சேர்த்து வைக்கவில்லை என்பதால் அவர்கள் சேர்த்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கியது. காப்பகம் என்பது முதலில் ஒரு அரசியல் முடிவு. பிறகுதான் தொழில்நுட்பம்.

எங்கள் அளவில் செய்யக்கூடியவை சிறியவை. முன்னாய்வுப் பகுதியில் ‘இல்லை’ என்று எழுதும் முன் குறைந்தது மூன்று துறை நூலகங்களின் எம்.ஃபில். அலமாரியை நேரில் பார்ப்பது. எங்கே தேடினோம், எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடினோம் என்பதை எழுதுவது. பெண் ஆய்வாளரின் பெயர் எத்தனை முதலெழுத்துகளில் வந்திருக்கிறது என்பதைச் சேர்த்துக் குறிப்பது. அச்சில் வராத ஆய்வேட்டையும் துணிந்து மேற்கோள் காட்டுவது. மேற்கோள்தான் நாணயம் என்றால் அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

அந்த மாணவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். வில்லியனூர் போகும் டெம்போவில் வந்து மூலக்குளத்தில் இறங்கினாள். பரணில் ஏறி அவளே அந்தப் பச்சை அட்டையை எடுத்தாள். பின்னிணைப்பைப் புரட்டியவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மூணு வருஷம் அம்மா” என்றாள். எனக்கும் சங்கடமாக இருந்தது. பரணில் இருந்ததை நானும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்து, ஆய்வேட்டை ஒருங்குறியில் அடித்து இணையத்தில் இடலாமா என்று கேட்டோம். “அதையெல்லாம் இன்னும் வச்சிருக்கியா?” என்றார். சம்மதித்தார். எந்த முதலெழுத்தோடு போடுவது என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். இரண்டு நாள் கழித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மாணவி வாரம் பத்துப் பக்கம் அடிக்கிறாள். நான் மெய்ப்புப் பார்க்கிறேன். அவளுடைய முதல் இயலில் அந்த ஒரு வரி போய், இப்போது நாலு பக்கம் இருக்கிறது.