வாடகை விழுக்காடும் ராணிப்பேட்டைத் தண்ணீரும்

சம்பளத்தில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குக் கொடுக்காதே என்பது இப்போது நிதி ஆலோசனை சொல்லும் எல்லாருடைய வாயிலும் இருக்கும் பாடம். முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வரம்பு நல்லதுதான். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களை அட்வான்ஸுக்குக் கடன் வாங்கும் நிலையிலிருந்து அது காக்கும். ஆனால் வாடகை குறையக் குறையக் கெட்டிக்காரத்தனம் என்று இதை நீட்டுகிறார்களே, அங்கேதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

இந்த எண் பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளிடம் வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969இல் சட்டம் வந்தது. 1981இல் அது 30 ஆனது. கட்டுப்பட்டவர் வாடகை வாங்கியவர். வீடு குடியிருக்கத் தக்கதா என்பதற்கும் அவரே பொறுப்பு. நம்மிடம் வந்து சேர்ந்தது எண் மட்டும். பொறுப்பு முழுதும் வாடகை கொடுப்பவர் தலையில் ஏறிவிட்டது.

ராணிப்பேட்டையில் இதன் விளைவு கண்கூடு. சிப்காட் தொழிற்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சக்கணக்கான டன் கழிவிலிருந்து குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு கெடுத்த நிலத்தடி நீர் வேறு. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது. தண்ணீர் கெட்ட இடத்தில் வாடகை இறங்கத்தான் செய்யும். சம்பளம் 15,000, வாடகை 3,000 என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு, பாராட்டு கிடைக்கும். தினம் ஒரு கேன் தண்ணீர் 35 ரூபாய் என்றால் மாதம் 1,050. வீட்டுச் செலவு 27 விழுக்காடாகிவிட்டது. குடிக்கத்தான் கேன், குளிப்பதும் துவைப்பதும் போர் தண்ணீரில். நல்ல தண்ணீர் வரும் தெருவில் 4,500 கொடுப்பவர் இவரைவிட 450 ரூபாய்தான் கூடக் கொடுக்கிறார். அவரை ஊதாரிப் பக்கம் நிறுத்துகிற கணக்கு என்ன கணக்கு?

வாடகையைக் குறைப்பதன் கடைசி எல்லையையும் ராணிப்பேட்டை பார்த்துவிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் படுத்திருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலையிடத்திலேயே படுப்பவருக்கு வாடகைச் செலவு கிடையாது. விழுக்காட்டுக் கணக்கில் அதைவிடச் சிக்கனமான வாழ்க்கை இருக்க முடியாது. ஒரு வீட்டின் முதல் வேலை உள்ளே தூங்குகிறவரைக் காப்பது. அதை அளக்கத் தெரியாத அளவுகோலை வீட்டுக்கு வைப்பதே தவறு.

எனவே வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன், வீட்டுக்காரர் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று கேளுங்கள். சம்பளத்தோடு தங்க இடமும் இலவசம் என்று ஆள் எடுக்கும் கம்பெனிகளிடம், அந்த இடம் எந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மாவட்ட நிர்வாகம் கேட்க வேண்டும்.