புலிக்கு முன்னே மான்

புலியைப் பற்றி அறிய விரும்பும் வாசகரின் கைக்கு முதலில் கிட்டுபவை வேட்டைக் கதைகளே. ஜிம் கார்பெட்டின் குமாவுன் கதைகள் 1944இல் நூலாக வெளிவந்தன. அவற்றைப் போன்ற நூல்களில் ஆட்கொல்லி உண்டு, துப்பாக்கி உண்டு, பரண்மேல் விடிய விடியக் காத்திருப்பதும் உண்டு. ஆனால் மனிதனைத் தின்னாத புலி எதைத் தின்று, எவ்வாறு வாழ்கிறது என்ற எளிய கேள்விக்கு அவற்றில் முழுமையான விடை கிடைக்காது.

அந்த விடையைத் தேடி எழுந்த நூல் ஜார்ஜ் ஷாலரின் 'தி டீர் அண்டு தி டைகர்', அதாவது 'மானும் புலியும்'. சிகாகோ பல்கலைக்கழகம் இதை 1967இல் வெளியிட்டது. அரை நூற்றாண்டு கடந்த நூலை இன்று எதற்கு மதிப்பிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். புலிகளின் எண்ணிக்கை செய்தியாகும்போதெல்லாம் நாம் மறந்துவிடும் ஓர் உண்மையை இந்நூலின் தலைப்பே கூறுகிறது. அதில் மான் முன்னே நிற்கிறது. புலி பின்னேதான் வருகிறது.

ஷாலர் ஆராய்ந்த இடம் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா. மாண்ட்லா, பாலாகாட் மாவட்டங்களில் பரந்துள்ள இக்காட்டில் சால மரங்கள் அடர்ந்திருக்கும்; இடையிடையே அகன்ற புல்வெளிகள் உண்டு. 1955இல் தேசியப் பூங்காவான கான்ஹா, 1973இல் புலித் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் ஒன்றாயிற்று. ஷாலர் அங்கே பணியாற்றிய 1963-65 ஆண்டுகளில் புலித் திட்டம் என்ற பெயரே கிடையாது.

அவர் கைக்கொண்ட முறைகளைப் பாருங்கள். புலியின் மலத்தைச் சேகரித்து, அதிலுள்ள மயிரையும் எலும்புத் துண்டுகளையும் கொண்டு அது தின்ற விலங்கை அறிந்தார். புள்ளிமானே புலியின் முதன்மையான இரை என்பது இவ்வாறு தெளிவாயிற்று. இறந்த மான்களின் பற்களைப் பார்த்து வயதைக் கணித்தார். முகத்திலுள்ள வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் கண்டார். எந்த இரு புலிகளின் வரிகளும் ஒன்றாக இருப்பதில்லை அல்லவா?

கடைசியாகச் சொன்ன முறையின் அருமை நெடுநாள் கழித்தே நாட்டுக்கு விளங்கியது. 1972இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புலிகளைக் கால்தடங்களைக் கொண்டே எண்ணி வந்தோம். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005இல் தேடிப் பார்த்தபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகே தானியங்கிக் காமிராக்களில் பதியும் வரிகளைக் கொண்டு எண்ணும் முறை நாடெங்கும் வந்தது.

எனினும் நூலின் உயிர்நிலை மான்களைப் பற்றிய பகுதிகளிலேயே இருக்கிறது. புள்ளிமான், கடமான், வெளிமான், பாரசிங்கா எனும் சதுப்புநில மான், இவற்றோடு காட்டெருது. இவை எப்போது ஈனுகின்றன, என்ன மேய்கின்றன, எப்படி மடிகின்றன என்பதையெல்லாம் ஷாலர் பொறுமையாகப் பதிவு செய்கிறார். பிற்காலத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் நடத்திய ஆய்வுகள் இதை ஒரு கணக்காகவே தந்தன. ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பெரிய இரைகள் வேண்டும். இரை விலங்குகளில் பத்தில் ஒரு பங்கைப் புலி தின்றால் மந்தை தாங்கும். ஆகவே ஒரு புலி நிலைத்து வாழ ஏறத்தாழ 500 விலங்குகள் வேண்டும். அந்த 500க்கும் புல் வேண்டும்.

இனி குறைகளுக்கு வருவோம். முதலாவது, புலியை அருகில் காண்பதற்காக ஷாலர் எருமைகளைக் கட்டிவைத்தார். கட்டிய இரையை உண்ணும் புலியிடமிருந்து, அது உணவைப் பகிரும் விதத்தை அறியலாம். காட்டில் அது தானாக வேட்டையாடும் விதத்தை முழுதும் அறிய இயலாது.

இரண்டாவது, பாரசிங்காவின் வீழ்ச்சி. அதை அவர் கண்டார், கவலைப்பட்டார். ஆனால் முக்கியமான காரணம் அவருக்குப் பின்னரே துலங்கியது. 1970இல் கான்ஹாவில் எஞ்சியவை 66 மட்டுமே. சுவிட்சர்லாந்து அறிஞர் கிளாட் மார்ட்டின் 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, கன்றுகளை மறைத்துவைக்க உயர்ந்த புல் இல்லாமையைச் சுட்டினார். தீயும் மாடுகளும் புல்லை உயரவிடவில்லை. காட்டினுள்ளிருந்த ஊர்கள் அகற்றப்பட்டபின் புல் வளர்ந்தது. மான்கள் பல நூறாகப் பெருகின. 2015 முதல் இங்கிருந்து சாத்புரா காப்பகத்துக்கும் அவை கொண்டுசெல்லப்பட்டன.

மூன்றாவது குறையே பெரிது. அகற்றப்பட்ட ஊர்களில் வாழ்ந்தவர்கள் பைகா, கோண்டு மக்கள். ஷாலரின் பக்கங்களில் மனிதர்கள் பெரும்பாலும் மாடு மேய்ப்பவர்களாகவும் வேட்டையாடுபவர்களாகவுமே தோன்றுகின்றனர். புல்லையும் மானையும் புலியையும் இணைத்துப் பார்த்த கண், அதே காட்டில் பிழைத்த மனிதனை அச்சங்கிலியில் சேர்க்கவில்லை. இதன் விலையை நாம் பிற்பாடு கண்டோம். 2018இல் கான்ஹாவிலிருந்து ஓர் ஆண்புலியும், பாந்தவ்கரிலிருந்து ஒரு பெண்புலியும் ஒடிசாவின் சத்கோசியா காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆண்புலி அதே ஆண்டு நவம்பரில் இறந்து கிடந்தது. பெண்புலி மனிதரைக் கொன்றதாக ஊரார் கொதித்தெழுந்தனர். அடைப்பில் வைக்கப்பட்ட அது 2021இல் மத்தியப் பிரதேசத்துக்கே திரும்பியது. மக்களின் இசைவைப் பெறாமல் புலியைக் குடியேற்ற இயலாது என்பதே இதன் பாடம்.

அட்டவணைகள் நிறைந்த இந்நூல் பொழுதுபோக்காகப் படிக்கத்தக்கதன்று. ஆயினும், புலியைக் கதையின் வீரனாக்காமல் காட்டின் ஓர் உறுப்பாகக் காட்டியதால், வேட்டைக் கதைகள் பலவற்றினும் இது உயர்ந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புலிகள் 3,682. அடுத்த கணக்கு வெளியாகும்போது, அந்த எண்ணோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அக்காட்டில் மான்கள் எத்தனை? அக்காட்டோரத்து மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? முதற் கேள்வியைக் கேட்க ஷாலர் கற்றுத் தந்தார். இரண்டாவதை அவர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.