தந்தத்தில் எஞ்சிய யானை

சீனத்துப் பழைய தந்தச் சிற்பங்களைப் போற்றும் அன்பர்கள் செதுக்கலின் நுட்பத்தோடு நின்றுவிடுகின்றனர். சிங்கத்தையும் குதிரையையும் யானையையும் உள்ளங்கையளவில் வடித்த கைகளின் திறனை யார் மறுப்பார்? ஆயினும், அப்பொருள் எங்கிருந்து வந்தது, உழைத்தவன் யார், அனுபவித்தவன் யார் என்று கேட்பதும் விமரிசகனின் கடமையாகும்.

ஆன்யாங்கில் 1976ஆம் ஆண்டு அகழப்பெற்ற அரசி பூ ஹாவோவின் கல்லறையில் நீலப்பச்சைக் கல் பதித்த தந்தக் கிண்ணங்கள் கிடைத்தன. அவை மூவாயிரம் ஆண்டுப் பழமையுடையன. அந்நாளில் மஞ்சளாற்றுச் சமவெளியிலேயே யானைகள் திரிந்தன. காடு வயலாயிற்று, யானை தெற்கே ஒதுங்கிற்று. இன்று யூனான் மாகாணத்தின் தென்கோடியில் ஏறக்குறைய 300 காட்டு யானைகளே எஞ்சியுள்ளன. உளி மட்டும் ஓயவில்லை. பிற்காலத்தில் ஆபிரிக்கத் தந்தம் கப்பலேறிக் குவாங்சோவுக்கு வந்தது. தன் மண்ணில் அருகிப்போன விலங்கை அந்நிய விலங்கின் தந்தத்திலே செதுக்கினான் சிற்பி. அவன் பெயரும் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை.

"பழம்பொருள்தானே! இறந்த யானை எழுந்து வருமா?" என்பர் சிலர். இவ்வாதம் முழுப் பொய்யன்று. முன்னோர் உழைப்பை நொறுக்குவதால் எந்த யானையும் பிழைக்காது. ஆனால் பழமைக்கு விலை உள்ளவரை, நேற்றுக் கொன்ற யானையின் தந்தமும் தேயிலைச் சாயத்தில் தோய்ந்து நூறாண்டு மூப்படையும். 1989இல் உலக நாடுகள் தந்த வாணிபத்தைத் தடுக்க முடிவு செய்தமையும், 2017 இறுதியில் சீனம் தன் உள்நாட்டுச் சந்தையை மூடியமையும் இதனாலேயே. கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 ஆபிரிக்கத் தந்தங்கள் 2016 சனவரியில் காலிமுகத்திடலில் நசுக்கப்பட்டன.

கரடியனாற்றிலிருந்து எழுதும் எனக்கு யானை அலங்காரப் பொருளன்று. வயற்காவலுக்குப் போன தந்தையை எண்ணி உறங்காத கண்களோடு மாணவர் வகுப்புக்கு வருகின்றனர். இலங்கையின் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தமில்லை. எனினும் 2023இல் மட்டும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும், யானை தாக்கி 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். இங்கே போர் தந்தத்துக்காக அன்று, நிலத்துக்காக. மஞ்சளாற்றின் பழங்கதை எமது குளக்கரைகளில் மீண்டும் நடைபெறுகின்றது.

தந்த யானையின் படமொன்றை வகுப்பில் காட்டியபோது, "சேர், இதைச் செய்தவர் யானையைக் கண்டிருப்பாரா?" என்று ஒரு மாணவன் கேட்டான். என்னால் விடை கூற இயலவில்லை.

அச்சிற்பங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், சந்தைக்கு வரவேண்டாம். விளக்க அட்டையில் அரசமரபின் பெயரோடு, யானை திரிந்த காட்டின் பெயரும் இடம்பெறட்டும். இங்கே, வேலியும் இழப்பீடும் காலந்தாழ்த்தாது உழவனைச் சேரட்டும். உழவனைக் கைவிட்டு யானையைக் காக்க முடியாது. யானையைச் சிற்பத்தில் மட்டுமே காணும் தலைமுறை இம்மண்ணிலும் தோன்றலாகாது.