மனைப்பிரிவில் ஒரு சோழவரம்

பிரீமியர் பத்மினியைப் பந்தயக் காராக்கும் வேலை கழற்றுவதில்தான் தொடங்கும். செஞ்சியில் நான் ஓட்டிப் பார்த்த நகல் காரில் அந்த வேலையை மனம் வைத்துச் செய்திருக்கிறார்கள். பின் சீட் போய்விட்டது. கதவின் உள் அட்டை, தரை விரிப்பு, கூரைத் துணி, ரேடியோ, டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி எல்லாம் போய்விட்டன. முன்னும் பின்னும் பம்பர் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபோது 900 கிலோவை ஒட்டி இருந்த கார். அதன் 1089 சிசி எஞ்சின் கொடுத்தது 40 குதிரைத்திறன். அந்த நாற்பதை வைத்துக்கொண்டு வேகம் வேண்டுமென்றால் எடையைத்தான் முதலில் குறைத்தாக வேண்டும். அன்றைக்குச் சோழவரத்தில் ஃபியட் (பத்மினியின் பழைய பெயர்) ஓட்டிய ஒவ்வொருவரும் போட்ட கணக்கு இது.

காரைச் செய்தவர் செஞ்சியில் நெல் ஆலை நடத்துகிறவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு பஸ் ஏறிச் சோழவரம் பந்தயத்துக்குப் போனவர். இன்னார் ஓட்டிய இன்ன கார் என்று ஒன்றைக் குறிவைத்து அவர் நகலெடுக்கவில்லை. அந்தக் காலத்து சலூன் பந்தயங்களில் ஓடிய ஃபியட்டுகள் எப்படி இருந்தனவோ அப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்திருக்கிறார். வெள்ளை உடம்பு, பானட்டின் நடுவே இரண்டு நீலப் பட்டை, கதவில் ஒரு வட்டம், அதற்குள் எண். ஹெட்லைட் கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்குமாக டேப். மோதலில் கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் தடத்தில் சிதறக் கூடாது என்பதற்காகப் பந்தயக்காரர்கள் ஒட்டுவது. கதவு எண்ணை ஸ்டிக்கராக வெட்டி ஒட்டாமல், ஊரில் போர்டு எழுதும் ஓவியரை வைத்துத் தூரிகையால் எழுதியிருக்கிறார். கிட்டே போனால் தூரிகையின் கோடு தெரிகிறது. காரில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று.

சோழவரத்தைப் பார்த்திராத தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கியது. அன்று இந்தியாவில் சாதாரணக் குடும்பம் எண்ணிப் பார்க்கக்கூடிய கார்கள் மூன்றுதான்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு நம் ஊர்க் கார், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் செய்தது. இந்த மூன்றும் அங்கே ஒன்றையொன்று துரத்தின. பிறகு பெங்களூருவின் சிபானி டால்ஃபின் வந்தது. எஞ்சின் 848 சிசிதான். ஆனால் கண்ணாடியிழை உடம்பு, எடை குறைவு. ஃபியட்காரர்களுக்கு அது பெரிய தலைவலி.

விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். ஆனால் பழைய சோழவரம் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்தக் காரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறார்கள். ஃபியட்டையும் ஹெரால்டையும் பற்றி ஒரு மணி நேரம் சொல்கிறார்கள். காரணம் எளிது. டாக்டர் வீட்டு வாசலில் நின்றதும் ஃபியட். கல்யாண ஊர்வலத்தில் பூச்சரம் சுற்றி வந்ததும் ஃபியட். அதே கார் ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் மூன்று சக்கரத்தில் சாய்ந்துகொண்டு மூலை திரும்பியபோது, பார்த்தவர்களுக்கு அது தங்கள் தெருவின் கார். இந்த நகல் காரை நான் அளக்கிற அளவுகோலும் இதுதான். எவ்வளவு வேகம் போகிறது என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. தெருவில் நின்ற ஃபியட் இதற்குள் இன்னும் இருக்கிறதா?

தெருக் கார் பந்தயத்துக்கான இந்த ஏக்கம் அமெரிக்காவில் பெரிய அளவில் இருக்கிறது. அங்கே கார்ப் பந்தயம் நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1949-இல் தன் முதன்மைப் போட்டித் தொடரைத் தொடங்கியபோது, ஷோரூமில் விற்கும் கார்தான் ஓட வேண்டும் என்பது அடிப்படை விதி. வெளிர்நீல வண்ணமும் 43ஆம் எண்ணும் அடையாளமாகிப்போன ரிச்சர்ட் பெட்டி அதில் 200 பந்தயங்களை வென்றார். 1970-இல் அவர் ஓட்டிய பிளைமவுத் சூப்பர்பேர்ட் நீண்ட மூக்கும் பின்னால் உயர்ந்து நிற்கும் இறக்கையுமாக வேற்று உலகத்துக் கார்போல் இருந்தாலும், அதைப் பந்தயத்தில் இறக்குவதற்காகவே கம்பெனி பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டியிருந்தது. இன்று அங்கே ஓடுவது குழாய்ச் சட்டத்தின்மேல் கட்டிய தனிப் பந்தய வண்டி. முகம் மட்டும்தான் கடைக் காருடையது. அதனால்தான் அங்கே ரசிகர்கள் பழைய கார்களுக்கு நகல் செய்து பூட்டிப் பாதுகாக்கிறார்கள். நம் ஊரில் அந்த மாற்றம் வேறு வழியில் வந்தது. கோவை கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் கிளப்பின் சொந்தத் தடம் திறந்தது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னையே எட்டினார். இந்திய மோட்டார் பந்தயத்துக்கு அது பெரிய ஏற்றம், சந்தேகமே இல்லை. தெருக் கார் பந்தயத்தின் மவுசு அதோடு குறைந்ததும் உண்மை.

இனி ஓட்டிப் பார்த்த கதை. இந்தக் காரைப் பொதுச் சாலையில் எடுக்கக் கூடாது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. எனவே லாரியில் ஏற்றி, அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான மனைப்பிரிவு ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். தார் போட்டு, மனைக்கல் நட்டு, இன்னும் ஒரு வீடும் எழும்பாத இடம். நீண்ட சாலை ஒன்றைக் குறுக்குச் சாலை முட்டுகிறது. சோழவரத்தின் ஓடுதளங்கள் சந்தித்ததும் இந்த மாதிரிதான். மூலைகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, வாசலை அடைத்து, ஆட்களை நிறுத்திய பிறகே சாவியைக் கொடுத்தார். மேற்கே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது.

எஞ்சினில் செய்திருப்பது எல்லாம் அந்தக் காலத்துப் பட்டறை வித்தை. ஹெட்டை ஸ்கிம் செய்து கம்ப்ரஷனை ஏற்றியிருக்கிறார்கள். இரட்டை கார்புரேட்டர். ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து எடை குறைத்திருக்கிறார்கள். நாலு குழாயும் ஒன்று சேரும் எக்ஸாஸ்ட். பாயின்ட் செட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் மட்டும்தான் புதுக் காலத்துச் சரக்கு. சாலையோரத்தில் நின்று பாயின்ட் தேய்த்தவர்கள் யாரும் அதற்கு வருந்த மாட்டார்கள். கீழ் வேகத்தில் எஞ்சின் இருமுகிறது, தயங்குகிறது. கிளட்சை விடும்போது ஆக்சிலேட்டரைக் கூடுதலாக அழுத்தாவிட்டால் அணைந்துவிடும். ஃப்ளைவீல் இளைத்ததன் விலை அது. ஆனால் 3000 சுற்றைத் தாண்டியதும் தொண்டை திறந்துகொள்கிறது. அதற்குமேல் ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், முள் துள்ளுகிறது. வீட்டுப் பத்மினி ஓட்டியவர்களுக்கு இந்தச் சுறுசுறுப்பு புதிதாக இருக்கும்.

கியரை மாற்றவில்லை. ஸ்டியரிங்கின் பக்கத்திலிருந்து நீளும் அதே ஹேண்ட் கியர்தான், நாலு கியர், முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. பல வருடம் ஓடிய பத்மினிகளில் இந்தக் கியர் தண்டு ஆடிப்போய், இரண்டு எங்கே மூன்று எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இங்கே இணைப்புகளின் புஷ்களைப் பித்தளையில் புதிதாகக் கடைந்து போட்டிருக்கிறார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கை நினைத்த இடத்தில் போய் விழுகிறது. தரையில் கியர் வைத்துக்கொள்ளுங்கள், வேகமாக மாற்றலாம் என்று பலர் அவருக்குச் சொன்னார்களாம். அவர் கேட்காதது எனக்கு நிறைவாக இருந்தது. நேர்கோட்டின் முடிவில் வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இடது கை விரல்நுனியால் கியரை இறக்கும் அந்த ஒரு நொடிக்காகவே இந்தக் காரை ஓட்டலாம்.

பிரேக்கில் அவர் அசலை விட்டு விலகியிருக்கிறார். பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம். அடுத்தடுத்து அழுத்தினால் சூடேறிப் பிடி தளரும், கார் ஒரு பக்கம் இழுக்கும். இங்கே முன் சக்கரங்களில் மாருதி காரின் டிஸ்க். அசல் கெட்டுவிட்டது என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். நான் அவர் பக்கம். உள்ளே உட்காருகிறவர் பிள்ளைகுட்டிக்காரர். கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டும் டிஸ்க் பிரேக்கும் அவருக்கு வேண்டும்.

எனக்கு ஒத்துக்கொள்ளாதது டயர்தான். 15 அங்குல அலாய் வீல், அகல ரேடியல். படத்தில் அழகாக இருக்கும். மூலையில் திருப்பினால் கார் தார்ச்சாலையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பின்னால் இருப்பது கமான் பட்டைமேல் கிடக்கும் ஒற்றை ஆக்சில். உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது, உள்பக்கப் பின் சக்கரம் லேசாகி வெறுமனே சுழல்கிறது, எஞ்சின் கத்துகிறது, கார் நகர மறுக்கிறது. சிறிய எஞ்சினுக்கு இவ்வளவு பிடிப்பு சுமை. மூலையைத் தாண்டி வருவதற்குள் சேர்த்த வேகமெல்லாம் கரைந்துவிடுகிறது.

"அண்ணே, பழைய ரிம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஆலையில கெடக்குது சார். எதுக்கு?"

"மாட்டிப் பார்ப்போமே."

ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்தார். 14 அங்குல இரும்பு ரிம், ஒல்லியான ரேடியல். கம்பெனி கொடுத்த 5.20 அளவு டயருக்குக் கிட்டத்தட்டச் சமமான அகலம். அதை மாட்டியதும் வேறு கார் ஆகிவிட்டது. மூலைக்குள் நுழையும்போது ஸ்டியரிங்கில் எடை குறைந்து, முன்பக்கம் எங்கே போகிறது என்பது கைக்குத் தெரிந்தது. பாதி மூலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் மெல்ல வெளியே விலகியது. திடுக்கிட வைக்காத, முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் விலகல். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பினால் நேராகிவிடும். எஞ்சின் சுற்று குறையவே இல்லை. வேகமானி எண்பதைத் தொடாத இடத்தில்கூட உடம்பு முழுக்க வேலை செய்தது. பந்தயக்காரர்கள் இவ்வளவு குறைந்த சக்தியில் கூட்டத்தை எப்படி எழுந்து நிற்க வைத்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஓட்டுநரின் ஒவ்வொரு செயலும் வெளியே நிற்பவருக்குத் தெரிகிறது: சாய்வு, திருத்தம், மறுபடி சாய்வு. இப்போதைய பந்தயக் கார்களில் அதெல்லாம் கண்ணுக்கு எட்டாத அளவு சிறியதாகிவிட்டது.

அடுத்த குறை சத்தம். கடைசிச் சைலன்சரை எடுத்துவிட்டார்கள். எக்ஸாஸ்ட் குழாய் நல்ல வேலை. அதன் முனையில் ஒரு சிறிய சைலன்சர் வைத்தாலும் அந்த எஞ்சினின் கரகரப்பு கெடாது. சுற்றுவட்டாரத்தில் மாடு கட்டியிருக்கும் வீடுகள் உண்டு, அவர்களையும் நினைக்க வேண்டும். புதிய பக்கெட் சீட்டின் பளபளப்பான உறையும் இந்தக் காருக்குள் பொருந்தவில்லை.

சத்தம் கேட்டு வரப்பு வழியாக ஆட்கள் வந்து நின்றார்கள். பையன்கள் கதவு எண்ணைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், ஃபியட் டாக்சி ஓட்டியவராம், நேரே ஓட்டுநர் பக்கம் வந்து தலையை உள்ளே விட்டார். "ஹேண்ட் கியரே வச்சிருக்கீங்களா தம்பி? நல்ல வேல பண்ணீங்க" என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்து, கியரை ஒன்றிலிருந்து நாலு வரை போட்டுக் காட்டினார். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, அவர் கை ஓடிக்கொண்டிருக்கிறது. என் அளவுகோலுக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

செஞ்சியில் இதைச் செய்ததில் ஒரு பொருத்தம் உண்டு. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-இல் ஆற்காட்டு நவாப் படையோடு போரிட்டு, இருபதை ஒட்டிய வயதில் மாண்டான். அவன் ஆட்சி சில மாதங்கள்தான். ஆனால் யாராலும் அடக்க முடியாத குதிரையை அவன் அடக்கிய கதையை இந்த ஊர் முந்நூறு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அவன் கோட்டையின் கல்லுக்கும் இப்போது காவல் இருக்கிறது. 2025 ஜூலையில் மராத்தியர் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்துவிட்டது. சோழவரத்து ஃபியட்டுகளுக்கு அப்படி ஒரு காவல் வாய்க்கவில்லை. சாதாரணக் கார்கள் என்பதால் பந்தயம் முடிந்ததும் சீட்டைத் திரும்ப மாட்டி வீட்டுக்கு ஓட்டிப்போனார்கள், விற்றார்கள், கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஜனங்களின் கார் என்பதால் நேசித்தோம். அதே காரணத்தால் ஒன்றையும் பத்திரப்படுத்தாமல் விட்டுவிட்டோம். அசல் இல்லாத இடத்தில் நல்ல நகல் வெறும் பொம்மையாக இருக்க முடியாது. அது வருத்தத்தோடு செய்த பொறுப்பான வேலை. இருங்காட்டுக்கோட்டையில் பெரிய பந்தயம் நடக்கும் நாட்களில், இடைவேளையில் இப்படிப்பட்ட கார்களுக்கு நாலு சுற்று ஒதுக்கினால் மைதானத்தில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதைப் பார்த்துவிட்டுத் தானும் செய்ய நினைப்பவர்களுக்கு: செலவு புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்குக் கிட்டே வந்துவிடும். அதில் பெரும்பகுதி எஞ்சினுக்குப் போகாது, டிங்கரிங் வேலைக்குப் போகும். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் எஞ்சின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. கதவின் கீழ் விளிம்பு, தரைத் தகடு, கமான் பட்டை மாட்டும் இடம், இந்த மூன்றையும் சுத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியை வாங்குங்கள். கூண்டை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் மாட்டுங்கள், பின்னாளில் கழற்றலாம். அகல டயர் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அசலாக, ஆர்.சி. புத்தகத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் பத்மினியை இதற்காக வெட்டாதீர்கள். செஞ்சிக்காரர் கோழிக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்துத்தான் தொடங்கினார்.