மௌனப்படங்களில் பெண்ணின் உடல்வலிமை

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான கீசக வதத்தை இயக்கியவர் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். வெளியான ஆண்டு 1917 என்றும் 1918 என்றும் கூறப்படுகிறது. படச்சுருள் கிடைக்கவில்லை, எடுத்துக்கொண்ட கதையையும் படமான முறையையும் கொண்டே மதிப்பிட முடியும்.

கதையில் உடல்வலிமை முழுவதும் வீமனுடையது. திரௌபதி துரத்தப்படுகிறாள், முறையிடுகிறாள். நடிகர்களைப் பழக்கியவர் மேடையில் பெண்வேடத்துக்குப் பெயர்பெற்ற ரங்கவடிவேலு. ஆகவே பெண்ணின் நடையும் அச்சமும்கூட ஓர் ஆண் பயின்ற நளினத்திலிருந்தே திரைக்கு வந்திருக்க வேண்டும். அடுத்து வந்த திரௌபதி வஸ்திராபஹரணமும் அவமதிக்கப்படும் பெண்ணின் கதைதான். பெண்கள் நடிக்கத் தயங்கிய காலம் அது. ஆங்கிலோ இந்தியரான மரியன் ஹில் திரௌபதியாக நடித்தார்.

வடஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் அவள் படுகளத்தில் துரியோதனனின் குருதி பூசிக் கூந்தல் முடிப்பவள். அந்த மண்ணிலிருந்து வந்த இயக்குநர் அந்த ஆங்காரத்தைத் தொடவில்லை என்பது முக்கியமான குறை. புராணக்கதை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது, இதுவும் பாரதக்கதையே.

அதே காலத்தில் ஆஸ்திரேலிய நீச்சல்வீராங்கனை அன்னெட் கெல்லர்மன் தன் பயின்ற உடலையே திரைக்காட்சியாக்கினார். 1918ல் பெண்களுக்கான உடற்பயிற்சி நூலும் எழுதினார். இந்திய மௌனப்படத்தில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது புனேயில் தயாரான திலேர் ஜிகர் (1931). முகமூடியுடன் வாள்வீசும் லலிதா பவார் அதில் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. தமிழில் அத்தகைய பெண் கே.டி. ருக்மிணி நடித்த மின்னல்கொடியில் (1937) வந்தாள். அது பேசும்படம்.